எட்டுப் பக்கம் பாக்கி

“சார், நீங்க எழுதுனதால எனக்கு வேல போச்சு சார்.”

போன மாதம் ஒரு காலை. காபியில் இன்னும் வாய்கூட வைக்கவில்லை. போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வாக்கியம் இது. என் எழுத்தால் யாருக்காவது வேலை கிடைத்ததாக இதுவரை தகவல் இல்லை. ஒருவருக்கு வேலை போயிருக்கிறது என்றால்... உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு வீரியமா என் பேனாவுக்கு?

“முருகேசன் பேசறேன் சார். கரும்பு டிராக்டரு. புக்கு படிச்சிகினு டர்ன வுட்டுட்டேன்னு எழுதுனீங்களே, அந்த ஆளு.”

பெருமை அந்த நிமிடமே இறங்கிவிட்டது.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். திருக்கோவிலூரிலிருந்து மணலூர்பேட்டை போகிற வழியில் ஓர் ஊர். ஊர்ப் பெயர் இந்த முறை வேண்டாம், பெயர் எழுதிப் பட்டதே போதும். அங்கே ஒரு சின்ன நூலகம். அரவைக் காலத்தில், ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் அந்த நூலகத்தின் வாசலைத் தாண்டியும் வரிசையாக நிற்கும். காலையில் வந்த வண்டிக்கு எடைமேடை ஏற மாலையாகலாம். அதுவரை டிரைவர்கள் என்ன செய்வார்கள்? பீடி, தூக்கம், செல்போன். செல்போனில் சார்ஜ் தீர்ந்ததும் பக்கத்து வண்டிக்காரனோடு சண்டை.

நூலகர் கலைச்செல்வி இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நூலகத்துக்கு உள்ளே நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது – அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அலமாரியில் இருந்த நாவல்களை மட்டும் தொட ஆள் இல்லை. வெளியிலோ நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு கூட்டம். ஒருநாள் துணிப்பையில் பத்துப் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு வரிசையோடு நடந்துவிட்டார்.

எல்லாரும் வெளியூர்க்காரர்கள். அட்டை கிடையாது, முகவரிச் சான்று கிடையாது. கலைச்செல்வி என்ன செய்தார் தெரியுமா? ஒரு ரெஜிஸ்டரில் ஆளின் பெயருக்குப் பதிலாக டிராக்டர் நம்பரை எழுதிக்கொண்டார். வண்டி எப்படியும் நாளை மறுநாள் இதே வழியாகத்தானே வர வேண்டும்?

வரிசைக்காரர்களும் தங்கள் பங்குக்கு இரண்டு விதி போட்டார்கள். முதல் விதி: எடைமேடைக்கு டர்ன் வந்துவிட்டால், புத்தகத்தைப் பின்னால் நிற்கிற வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது விதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. அது பிறகு வருகிறது.

அந்த முதல் விதியில்தான் முருகேசன் மாட்டினார். ஒரு மர்ம நாவல். கடைசி எட்டுப் பக்கம் பாக்கி. டர்ன் வந்துவிட்டது. இறங்கிப் போய்ப் பின் வண்டிக்காரரிடம், “நீ போப்பா” என்றிருக்கிறார். டர்னை விட்டவன் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். போனார். அன்று நான் வந்த பஸ் அந்த வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. திட்டுவதற்காக இறங்கிப் போனவன், கரும்புத் தோகைக் கீற்றை அடையாளமாக வைத்துப் படித்துக்கொண்டிருந்த முருகேசனைப் பார்த்து அசந்துபோய்த் திரும்பி வந்தேன். வந்து எழுதினேன். பெயர், ஊர், டிராக்டரின் நிறம் எல்லாம் போட்டு – போட்டோ ஒன்றுதான் போடவில்லை.

அவர் தன் முதலாளியிடம் “டயரு பஞ்சரு” என்று சொல்லி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருக்க வேண்டும். ஓர் ஆளைப் பாராட்டுவதற்கு அவரிடம் அனுமதி எதற்கு என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் திமிர். முருகேசன் வீட்டில் இரண்டு பெண்கள் காலேஜில் படிக்கிறார்கள் என்பதும் அன்று போனில்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. காபி ஆறிப்போயிருந்தது.

“கவலைப்படாதீங்க முருகேசன். நான் வந்து ஒரு வார்த்தை பேசினா சரியாயிடும்” என்றேன். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

மறுநாள் முதலில் நூலகத்துக்குப் போனேன். கலைச்செல்வி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“நல்லாத்தான் சார் எழுதியிருந்தீங்க. அந்த ஆளு கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“தப்புதாம்மா.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? வாங்க, போலாம்” என்று ரெஜிஸ்டரை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டார். அது எதற்கு என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

முதலாளி ராமலிங்கம் – இது மாற்றிய பெயர், இந்தப் பத்தியில் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன் – கரும்புக் கொல்லையை ஒட்டிய மோட்டார் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிராக்டர் பக்கத்திலேயே நின்றது. முருகேசன் வேலியோரமாக, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். வாசிப்பு மனிதனை எப்படி உயர்த்துகிறது... ஒரு நல்ல புத்தகம் ஒரு தலைமுறையையே எப்படி... பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பலமுறை கைதட்டல் வாங்கிய பேச்சு அது.

ராமலிங்கம் கொட்டாவி விட்டார்.

“சார், அவன் படிச்சத நான் ஒண்ணும் சொல்லலீங்க. கரும்பு பாதி நாளு வெயில்ல காஞ்சிது. எட கம்மியாச்சு. அதக்கூட வுடுங்க. பஞ்சர்னு சொன்னான் பாருங்க... நான் அவன நம்பி, பாவம் வெயில்ல கஷ்டப்படறானேன்னு சாப்பாடு குடுத்து அனுப்புனேன் சார். பேப்பர்ல பாத்தா தொர புக்கு படிச்சிகினு இருந்தாராம். டீக்கடையில என்னப் பாத்து சிரிக்கிறானுங்க.”

அவர் பக்கம் நியாயம் இருந்தது. என்னிடம் மீதிப் பேச்சுதான் இருந்தது. அதை அப்படியே விழுங்கினேன்.

கலைச்செல்வி ரெஜிஸ்டரைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினார்.

“ஐயா, இத ஒரு தபா பாருங்க. இது உங்க வண்டி நம்பருதான?”

“ஆமா. இன்னாத்துக்கு?”

“இந்த சீசன்ல வரிசையிலயே ஜாஸ்தி புக்கு எடுத்தது உங்க வண்டிதாங்க. எங்க கணக்குப்படி எங்க லைப்ரரிக்கு மொத வாசகரு நீங்கதான்.”

ராமலிங்கம் பக்கத்தைப் புரட்டினார். அவருடைய டிராக்டர் நம்பர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. சரித்திர நாவல், பேய்க் கதை, துப்பறியும் கதை, சமையல் புத்தகம்கூட ஒன்று. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

“சமையல் புக்கு எதுக்குடா?” என்றார் வேலிப் பக்கம் திரும்பாமலே.

“படம் நல்லா இருந்திச்சிங்க மொதலாளி.”

ரெஜிஸ்டரை மூடிவிட்டு அவரே கேட்டார். “அப்படி இன்னாதான்டா இருந்திச்சி அந்தக் கதையில? வேலய வுட்டுட்டுப் படிக்கிற மாதிரி?”

முருகேசன் இரண்டடி உள்ளே வந்தார். “ஒரு பொண்ணு பஸ்ஸுல ஏறுதுங்க. கைல ஒரு தகரப் பொட்டி. கடைசி ஸ்டாப்புல பஸ்ஸு காலியாவுது. பொட்டி இருக்குது. பொண்ணு இல்ல. நடுவுல எங்கியும் எறங்கலன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“கண்டக்டரு?”

“நானும் அப்டித்தான் நெனச்சேங்க. அவரு இல்ல.”

“பொட்டியில இன்னா இருந்திச்சி?”

முருகேசன் சொன்னார். அரை மணி நேரம் சொன்னார். கையைக் காலை ஆட்டி, அந்த பஸ்ஸில் யார் யார் எந்த சீட்டில் இருந்தார்கள் என்று டிராக்டர் மட்கார்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ராமலிங்கத்துக்கு வந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. நானும் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை.

“சரி. அப்ப யாரு பண்ணது?”

முருகேசன் நிறுத்திவிட்டார்.

“அதுதாங்க அந்த எட்டுப் பக்கம்.”

“அதான், சொல்லு.”

“சொல்லக் கூடாதுங்க.”

“இன்னாது?”

“வரிசையில அப்டி ஒரு பேச்சுங்க. முடிவச் சொன்னவனுக்கு அடுத்த புக்கு கெடயாது.”

இதுதான் அந்த இரண்டாவது விதி. யோவ் முருகேசா, உன் வேலை அந்த எட்டுப் பக்கத்தில் தொங்குகிறதய்யா, சொல்லித் தொலையேன் என்று கத்தத் தோன்றியது. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சொல்லவில்லை.

ராமலிங்கம் அவரை நீண்ட நேரம் பார்த்தார்.

“பஞ்சருன்னு எங்கிட்ட பொய்யி சொல்லுவ. அவனுங்களுக்கு குடுத்த வார்த்தைய மட்டும் காப்பாத்துவ. அப்படித்தான?”

“பொய்யி சொன்னது தப்புங்க மொதலாளி. டர்ன வுட்டதும் தப்புதான். இனிமே வுட மாட்டேன்.” சற்றே நிறுத்தி, “படிக்கறத வுட்டுர்றேன்னு மட்டும் சொல்ல முடியாதுங்க” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மேடையில் பேசிய எந்த வாக்கியமும் இதன் பக்கத்தில் நிற்காது.

“சாவி ஆணியில தொங்குது” என்றார் ராமலிங்கம். “நாளைக்கு வெட்டு இருக்குது. லோடு ஏத்திக்கினு போ. வரும்போது அந்த புக்க எடுத்தாந்து எங்கிட்ட குடு.”

முருகேசன் சாவியை எடுக்கப் போகும்போது நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். கலைச்செல்வி விடவில்லை.

“ஐயா, அந்த புக்கு இப்ப கெடைக்காதுங்களே.”

“ஏன்?”

“சார் எழுதுனதுல இருந்து எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. டெய்லர் அக்கா, ரெண்டு டிரைவருங்க, பரீச்சைக்குப் படிக்கிற பசங்க ரெண்டு பேரு, அஞ்சு பேரு எழுதி வெச்சிருக்காங்க. உங்க பேர ஆறாவதா எழுதிக்கட்டுமா?”

பல ஏக்கர் கரும்புக்குச் சொந்தக்காரர் ஒரு நாவலுக்காக வரிசையில் நிற்பதா? ஒரு நிமிடம் யோசித்தார். “எழுதிக்கம்மா” என்றார். “வண்டி நம்பரு வேணாம். என் பேரயே எழுது.”

திரும்பி நடக்கும்போது கலைச்செல்வி சொன்னார்: “உள்ள உக்காந்து படிக்கிற பசங்களப் பாத்து எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான் சார் – இதனால வேல கெடைக்குமா? அந்த வரிசையில மட்டுந்தான் அப்படி யாரும் கேக்கறதில்ல. கத நல்லா இருக்குதா, அவ்ளோதான்.”

யோசித்துப் பார்த்தேன். சினிமா பார்த்துவிட்டு வருகிறவரிடம் என்ன பயன் என்று நாம் கேட்கிறோமா? பிரியாணி சாப்பிட்டவரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்கிறோமா? புத்தகத்திடம் மட்டும் ஏன் பயனுக்குச் சான்று கேட்கிறோம்? ருசிக்காகப் படிக்க விட்டுப் பாருங்கள். ஆள் தானாக வருவார், டர்னைக்கூட விடுவார். நாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கலைச்செல்வி இப்போது கவனமாக இருக்கிறார். வரிசை நீளமாக இருந்தால் நாவல் கொடுக்கிறார். குட்டையாக இருந்தால் சிறுகதைதான். முதல் விதியும் மாறிவிட்டது. டர்ன் வந்தால் புத்தகம் வண்டியோடேயே உள்ளே போகலாம். திரும்பும் வழியில் நூலக வாசலில் கொடுத்தால் போதும்.

அந்த நாவலுக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏழாவது. டெய்லர் அக்கா, டிரைவர்கள், பிள்ளைகள் என்று மளமளவென்று கை மாறி வந்த புத்தகம், ஆறாவது ஆளிடம் போய் நின்றுவிட்டது. நேற்று பொறுக்க மாட்டாமல் ராமலிங்கத்துக்குப் போன் போட்டேன்.

“முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சிட்டு ரெண்டாவது தபா படிச்சிகினு இருக்கேன் சார்.”

“ரொம்ப நல்லது. சரி, அந்தப் பொண்ணுக்கு என்னதான் ஆச்சு? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்.”

நிதானமாகச் சொன்னார்:

“வரிசையில நில்லுங்க சார்.”