சாமுவேல் சார் திருப்பிக் கொடுத்த அரை ரூபாய்

பழைய காசு விற்பவனுக்கு நல்ல கண் வேண்டும், ஏலம் விடுபவனுக்கு நல்ல தொண்டை வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்பவனுக்கு இரண்டும் சீக்கிரமே கெட்டுப்போகும். பாறசாலையில் ஒரு ரப்பர் ஷீட் கடையின் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை நான் நாணய ஏலம் நடத்துகிறேன். கீழே ரப்பர் வாடை, மேலே மின்விசிறிச் சத்தம், நடுவில் நான். ஒரு பொருளுக்கு ஒரு விலை மதித்துவிட்டு, அது வேறெங்கோ போய் நிற்பதைப் பார்த்து வாய் பிளந்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

வெயில் செய்த வேலை

ஆரம்பத்தில் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் ஏலம். ஒருநாள் ஒரு திருவிதாங்கூர் செப்புச் சக்கரக் காசை வீட்டு மதில்மேல் வைத்துக் காலை வெயிலில் படம் எடுத்துப் போட்டேன். நேரில் பார்த்தால் கருப்பட்டி நிறம். படத்திலோ நேற்றுத்தான் அச்சடித்தது போல ஒரு சிவப்பு. நான் பொய் சொல்லவில்லை, வெயில் வரும்வரை காத்திருந்தேன், அவ்வளவுதான். பூவாறில் சுற்றுலாப் படகு ஓட்டும் ஒருவர் மற்ற எல்லாரையும் முந்தி, நான் மதித்ததைப்போல் மூன்று மடங்குக்கு எடுத்தார்.

காசு கைக்குப் போனதும் படகை விட்டுவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. காசை மேசைமேல் வைத்து, திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டார். "அண்ணா, அடுத்த தடவ அனுப்பும்பம் அந்த வெயிலயும் கூடச் சேத்து அனுப்பணும், கேட்டியளா?"

குளித்து வந்த காசு

என் நிரந்தர வாடிக்கையாளர் சாமுவேல் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் கிறிஸ்தவ சபையில் பெரிய கை. அவருக்குக் காசு என்றால் பளபளக்க வேண்டும். வாங்கிப்போகும் ஒவ்வொன்றையும் சபையின் பித்தளைக் காணிக்கைத் தட்டு துலக்கும் பொடியால் தேய்ப்பார். அவர் வீட்டில் விக்டோரியா ராணி மூக்கில்லாமல் இருக்கிறார்.

வெள்ளிக் காசு பல வருஷம் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்தால் அதன்மேல் ஒரு நிறம் ஏறும். அந்த நிறத்துக்காகவே விலை கொடுப்பவர்கள் உண்டு, தேய்த்தால் பாதி மதிப்பு போய்விடும் என்று அவருக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் பார்வை பார்த்தார். "எலே செல்வின், அழுக்குக்குத்தான் மதிப்புன்னா, நான் இத்தன காலம் பிள்ளையள குளிச்சிட்டு வரச் சொன்னது தப்பாக்கும், இல்லியா?"

ரெண்டாயிரம் ரூபாய்த் துடைப்பு

எங்கள் பக்கத்து ஆள்களுக்கு ஏலம் பழகிய இடம் கோயிலின், அதாவது சர்ச்சின், அறுப்புப் பண்டிகை. காணிக்கையாக வந்த முட்டை, பலாப்பழம், சேவல் எல்லாம் ஏலம் போகும். எடுத்தவர் பணத்தையும் கொடுத்து, பொருளையும் "திருப்பி ஏலம் விடுங்க" என்று சபைக்கே கொடுத்துவிடுவார். ஒரே முட்டை ஒரே பகலில் பலமுறை விலைபோகும். அது தேவனுக்கு மகிமை. முட்டையைப் பக்கத்துக் குடும்பம் எடுத்துவிடக் கூடாது என்பது மனுஷனுக்கு மகிமை.

ஆரியங்கோட்டு ரப்பர் வியாபாரி ஞானதாஸும் சாமுவேல் சாரும் முட்டை விஷயத்தில் பரம்பரை எதிரிகள். இருவரும் என் ஏலத்துக்கும் வந்தார்கள். ஞானதாஸுக்கு உண்மையிலேயே காசு பார்க்கத் தெரியும். சாருக்கு ஞானதாஸைப் பார்க்கத் தெரியும். ஞானதாஸ் லென்ஸை எடுத்தால் சார் கை தூக்குவார். ஒருநாள், யாரும் சீண்டாத ஒரு தேய்ந்த காலணா வந்த நேரத்தில், சார் தனக்குத்தானே விலை ஏற்றிக்கொண்டு போனார். எனக்கே வெட்கமாகிவிட்டது. முடிந்ததும் ஞானதாஸிடம் சாரை ஏன் இப்படி ஏற்றிவிட்டீர் என்று கேட்டேன். "நான் எனக்க மூக்குக்கண்ணாடியத் தொடச்சேன் வே. அதுக்கு சாரு ரெண்டாயிரம் குடுத்தாரு. நான் என்ன செய்ய?"

ஊறிக்கொண்டிருந்த புளி

பொழியூரிலிருந்து பிலோமினா என்ற பெண் போனில் அழைத்தாள். கணவன் கடல் வேலைக்குப் போகிறவன். அந்த மழைக்காலத்தில் கடல் அடுக்களைச் சுவரை எடுத்துவிட்டது. உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறாள், முன்பணம் இல்லை. ஜெபமாலைப் பெட்டியில் மாமியார் போட்டுவைத்த திருவிதாங்கூர் வெள்ளி அரை ரூபாய் ஒன்று இருக்கிறதாம். படம் அனுப்பினாள். நடுவில் பொறித்த சங்கைச் சுற்றி விளிம்பெல்லாம் நீலமும் செம்பொன்னுமாக நிறம் ஏறிக் கிடந்தது. வெயிலே தேவையில்லாத காசு.

ஏலத்துக்குக் கொண்டு வா என்றேன். "நல்லா தேச்சு வெளுப்பிச்சுக் கொண்டாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். அடுக்களை இருந்த இடத்தில் மணல்மூட்டை. அதன்மேல் ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் உப்பு, மீன் தேய்க்கும் சிரட்டை, நடுவில் அந்தக் காசு. நான் பாய்ந்து எடுத்ததைப் பார்த்துப் பயந்துபோனாள். அந்த அழுக்குக்குத்தான் விலை என்று விளக்கினேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். "அழுக்குக்கு வெல உண்டா அண்ணா? அப்பம் எங்க வீட்டயே ஏலத்துக்கு வச்சிருக்கலாமே."

காணிக்கை

அந்த மாத ஏலத்தில் அதே வகை அரை ரூபாய் வேறொன்றும் இருந்தது. அதே சங்கு, அதே தேய்மானம், நிறம் மட்டும் கிடையாது. அது எழுநூறுக்குப் போனது. அடுத்து பிலோமினாவின் காசை ஜன்னலோரம் சாய்த்துக் காட்டினேன். அவள் கடைசி வரிசையில் சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டு இருந்தாள். ஞானதாஸ் லென்ஸ் வைத்துப் பார்த்தார், தட்டில் வைத்தார், மறுபடியும் எடுத்துப் பார்த்தார். போதாதா? காசைத் தொட்டுக்கூடப் பார்க்காத சாமுவேல் சார் கையைத் தூக்கினார். ஞானதாஸ் நிறத்துக்காக ஏற்றினார், சார் ஞானதாஸுக்காக ஏற்றினார். ஐயாயிரத்தில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். முப்பதாயிரத்தில் ஞானதாஸ் தலையை ஆட்டி லென்ஸை மடக்கினார்.

சார் எழுந்தார். மாடி முழுக்கக் கைதட்டு. முகமெல்லாம் பண்டிகை. பழக்கதோஷம்! அங்கேயே பணத்துக்குக் காசோலை எழுதி என் கையில் தந்தவர், காசையும் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் மைக்கைப் பிடித்தார். "திருப்பி ஏலம் விடுலே! எனக்க காணிக்கையாக்கும்!"

மறுநாள் ஞானம்

விட்டேன். ஞானதாஸ் இந்தமுறை லென்ஸையே எடுக்கவில்லை, ஒரே வார்த்தையில் முப்பத்தோராயிரம் என்றார். சபை ஆள்கள் பார்த்திருக்க மானத்தை விட்டுவிட முடியுமா? காணிக்கை என்று சார் மைக்கில் சொன்னதால், யாருக்கு என்று கேட்காமல் இரண்டு விலையையும் பிலோமினாவின் பெயரில் போட்டேன். என் கமிஷனை இரண்டு தடவை எடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போன சாரிடம் அவர் மனைவி, வாங்கின காசு எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது, இது கோயில் இல்லை என்று. வேர்க்க வேர்க்க மாடியேறி வந்தார். இரண்டாவது விலை காசின் சொந்தக்காரனுக்கு, அதாவது தனக்கு, வரவேண்டும் என்றார். கணக்கு சரிதான். பிலோமினா அப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்தாள், ஞானதாஸ் தந்த ரொக்கத்தில் வாடகை வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு நன்றி சொல்ல வந்தவள். சார் அவள் பக்கம் திரும்பி, "பிள்ளே, அது தெரியாம குடுத்ததாக்கும், திருப்பித் தரணும்" என்றார். அவள் எழுந்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், குரலை உயர்த்தவில்லை. "எங்க அடுக்களைய கடலு கொண்டுபோச்சு சார், அதுக்கிட்ட போய் திருப்பித் தான்னு ஒருத்தனும் கேக்கல்ல. எனக்கு ஒண்ணு கிடைச்ச ஒடனே கேக்க வந்திட்டியளா?"

சார் படியிறங்கினார். அடுத்த ஞாயிறு, கடலோர மக்களுக்கு வீடு கொடுத்த சாமுவேல் சாருக்காகச் சபையில் தனி ஜெபம் நடந்தது. அவர் கண்ணை மூடித் தலை குனிந்து நின்றார்.

பூவையும் தலையையும் பார்த்தால் ஒரு காசின் விலையைச் சொல்லிவிடலாம் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான், இப்போதெல்லாம் முதலில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன்.