சந்தியாகு எக்காளம் கேட்ட காலை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், ஆண்டவரின் வருகைக்கு ஆயத்தமாக இருந்தவர் ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரே ஒருவர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், அவரே சொல்லியிருக்கிறார். பெயர் சந்தியாகு. ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன் பெருமாள்.

எசமான் எக்காளம் முழங்க வருவார், எப்போது என்று தெரியாது, விழித்திருங்கள் என்று கோட்டைப் பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். பாவம், அவர் ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொன்னது. சந்தியாகு அதைத் தன் பெயருக்கு வந்த ஓலையாக எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக அவர் வீட்டில் ஒரு விளக்கு பட்டப்பகலிலும் எரிந்தது. அதற்கு ஊற்றியே எண்ணெய் தீர்ந்ததால் மனைவி லோகநாயகியின் தலை பரட்டையாகக் கிடந்தது. வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார், வருகையன்று கட்ட. கூரை ஒழுகியது. நாளைக்கே வானம் சுருண்டு போகப்போகிறது, இதில் ஓலை மாற்றுவானேன் என்று விட்டுவிட்டார். மேகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்போது உடம்பில் கனம் இருக்கக்கூடாது என்று இரவுச் சோற்றையும் பாதியாகக் குறைத்தார்.

"ரொம்ப நல்லதுய்யா. அப்ப அந்த மீன் துண்ட இப்படித் தள்ளு" என்றாள் லோகநாயகி.

இத்தனை ஆயத்தத்துக்கும் அடியில் ஒரு விஷயம் இருந்தது. தம்பி மாணிக்கத்தோடு அவருக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. என்றைக்கோ தம்பி தன் வலையை அண்ணன் எல்லைக்குள் ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டானாம். ஊர் பேசித் தீர்த்துவைத்தது. சந்தியாகுவுக்குத் தீரவில்லை. ஆண்டவர் வந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு முழத்தை அளந்து, தம்பியைப் பாவிகளோடு இடதுபக்கம் நிறுத்துவார் என்று உறுதியாக நம்பினார். உண்மையைச் சொன்னால், ஆண்டவர் வரவேண்டும் என்று அவர் அவசரப்பட்டதே பாதி அதற்காகத்தான்!

ஏரியில் கண்ட இடத்தில் கண்டவன் வலை கட்ட முடியாது. எந்த இடம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடுகளில் பெரியது முகத்துவாரப் பாடு. மழை வடிகிற மார்கழியில் ஏரி எறால் எல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கும். பத்து நாள் அங்கே வலை கட்டியவன் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு அணையாது. பாடு விழுந்தவன் முதல் நாள் பொழுது விடியும்போது தண்ணீரில் இறங்கி, கழி ஊன்றி, தன் பெயரை மூன்று தரம் கூவ வேண்டும். அவன் படுக்கையில் கிடந்தால் உடன்பிறந்தவன் மட்டும் அவனுக்காகக் கூவலாம். ஒருவரும் வராவிட்டால் பாடு சீட்டில் அடுத்த பெயருக்குப் போய்விடும். கூவிய பெயரை அப்புறம் மாற்ற முடியாது.

அந்த வருஷம் முதல் சீட்டு மாணிக்கத்துக்கு விழுந்தது. இரண்டாவது சந்தியாகுவுக்கு.

பாடு தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் மாணிக்கத்தின் மனைவி தேவகி, இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். சந்தியாகு விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க தம்பிக்கு ஆறு நாளா காய்ச்சல். எழுந்து உக்கார முடியல. நாளைக்கு நீங்கதான் கழி ஊனணும். நாலு புள்ளைங்க மாமா, இந்தப் பாடு போனா நாங்க இன்னா பண்ணுவோம்?"

"ஜெபம் பண்றேம்மா."

"ஜெபமும் பண்ணுங்க, கழியும் ஊனுங்க மாமா."

"ஆண்டவர் சித்தம் இன்னான்னு பாக்கணும்" என்றார் சந்தியாகு, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

லோகநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு சித்தம் இருக்கட்டும். உன் சித்தம் இன்னாய்யா?"

"நாளைக்கே அவர் வந்துட்டார்னா எறா எதுக்குடி?"

"அப்ப பின்னால புதுக் கழி ஒண்ணு சீவி சாத்தி வெச்சிருக்கியே, அது எதுக்கு?"

சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இறங்கிவிட்டார்.

மறுநாள் விடியலில் ஏரிமேல் பனி அப்படி இறங்கியிருந்தது, நீட்டிய கை தெரியவில்லை. ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் சாட்சிக்காகப் படகில் உட்கார்ந்திருந்தார். இடுப்புத் தண்ணீரில் கோவணத்தோடு சந்தியாகு நின்றார். கையில் புதுக் கழி. மாணிக்கம் வரவில்லை. அவன் வர மாட்டான் என்பது இவருக்குத் தெரியும். தம்பியைக் காய்ச்சலில் தள்ளிய ஆண்டவர் நியாயத்தீர்ப்பை ஒரு நாள் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார் என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார்.

"யார் பாடுப்பா? கூவு" என்றார் தலைவர்.

சந்தியாகு கழியை ஓங்கி, வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கத்திலிருந்து எக்காளம் முழங்கியது. பின்னாலேயே வானம் பிளந்ததுபோல் இடி. ஒன்று, இரண்டு, மூன்று. கிழக்கே பனிக்குள் ஒரே சிவப்பு.

ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை இந்தக் கரைக்குக் கப்பல் வராது. அது கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் மார்கழியில் எக்காளம் ஊதுவது யார்? ஐயையோ! வேட்டி பெட்டியில் இருக்கிறது. விளக்கு வீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவரிடம் அந்த நிமிஷம் இருந்ததெல்லாம் ஒரு கோவணமும், தம்பி பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்க ஓங்கிய ஒரு கழியும்தான். கழியைச் சேற்றில் குத்தி, அதையே கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"மாணிக்கம் பாடு! ஆண்டவரே, மாணிக்கம் பாடு! எந்தம்பி மாணிக்கம் பாடு!"

மூன்று தரம் ஆகிவிட்டது.

பனி கலைந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே கிழிந்த பாயோடு ஒரு ஒல்லாந்துக் கப்பல் நின்றது. புயலில் திசை மாறி, தப்பிப் பிழைத்து வந்த சந்தோஷத்தில் கொம்பு ஊதிக் கோட்டைக்குக் குண்டு மரியாதை செய்துகொண்டிருந்தது. சந்தியாகு அதைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார்.

"தலைவரே, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"சொன்னியே, மூணு வாட்டி. காது கிழிஞ்சிச்சு" என்று தலைவர் துடுப்பை எடுத்தார்.

ஊரில் சந்தியாகுவின் புகழ் தாங்கவில்லை. கைக்கு எட்டிய பாட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்த பரிசுத்தவான் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். அதையும் தாழ்மை என்று எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் அவருக்கு மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

நாலாம் நாள் மாணிக்கமே வந்துவிட்டான். காய்ச்சல் விட்டிருந்தது. துடைப்பக்குச்சியாக இளைத்துப் போனவன், வந்த வேகத்தில் அண்ணன் காலில் விழுந்தான். சந்தியாகுவால் அதைத் தாங்க முடியவில்லை.

"எழுந்துருடா, கையெடுத்துக் கும்புடறேன். நான் உன் பாட்டப் புடுங்கத்தான்டா போனேன். குண்டுச் சத்தத்துல பயந்து உளறிட்டேன்."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"தலைவர் அன்னைக்கே சொல்லிட்டாரு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு." மாணிக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். "கழி ஊன ஆளில்லாதப்ப உன்னத்தான்ணா நெனச்சேன். இப்பவும் வலை தூக்க ஆளில்ல. எனக்கு உடம்புல தெம்பில்ல. குண்டு போடாமலே வருவியா?"

சந்தியாகுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது. அவர் மேல்துண்டைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, "நீ மெதுவா வாடா" என்று சொல்லிவிட்டு ஏரியை நோக்கி நடந்தார்.