துணைவேந்தருக்கு ஒரு நாற்காலி

மைக் செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கட்சி கிடையாது, காது மட்டும்தான் உண்டு. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பேச்சையும் கடைசிவரை கேட்டே தீர வேண்டிய சக தொழிலாளிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்லி அழ முடியும். எங்கள் ஆரணிப் பிள்ளைகள் படிக்கிற பல்கலைக்கழகத்துக்கு ரொம்ப நாளாகத் துணைவேந்தர் இல்லை. என் மகள் கவிதாவுக்கு வேலை தர ஒரு கம்பெனி தயாராக இருந்தது. பட்டச் சான்றிதழைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். அதில் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. அதனால் இந்தக் கூட்டங்களை மட்டும் நான் தூங்காமல் கேட்டேன்.

வராதவருக்கு மெத்தை

ஒரு கட்சியின் நகரச் செயலாளர் கடைக்கு வந்தார். மேடை நடுவில் ஒரு காலி நாற்காலி போட்டு, ‘துணைவேந்தர்’ என்று அட்டை மாட்டி, ஆளை நியமிக்காத மேலிடத்தை வெட்கப்பட வைக்கப் போகிறாராம். பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினேன். முகம் சுளித்தார். கல்யாண மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு மெத்தை நாற்காலிதான் வேண்டுமாம். யாரும் உட்காரப் போவதில்லையே, வெயிலில் வெளுத்துவிடுமே என்றேன்.

“உக்கார ஆள் இல்லன்னு காட்டத்தானேப்பா கூட்டம்? நல்ல சேரா இருந்தாத்தான் ஜனங்களுக்கு வயிறு எரியும்!”

ஏகாம்பரத்தின் பதவிக்காலம்

அந்தக் கூட்டத்தில் பேச நெசவாளர் ஏகாம்பரமும் வந்திருந்தார். பட்டில் சாயம் போகாமலிருக்கப் பல்கலைக்கழகம் வழி கண்டுபிடித்துத் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் முறை வருவதாகத் தெரியவில்லை. நின்று நின்று கால் கடுத்துப்போன மனிதர், மெத்தையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரில் மேடையில் உட்கார்ந்தவருக்குச் சால்வை போடாமல் விட்டால் சண்டையே வரும். ஒரு தொண்டர் ஓடிவந்து போர்த்தினார். துணைவேந்தரே வந்துவிட்டார் என்று பின்வரிசை கைதட்டியது.

போளூர்க்காரர்கள் இருவர் மனு கொடுத்தார்கள். மூன்றாவதாக ஓடியவள் என் மகள். அட்டையைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. ஊரே சிரித்தது, எனக்கு மட்டும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏகாம்பரம் இறங்கி வந்து மனுக்களை என் கையில் திணித்தார்.

“கால் வலிக்குதுன்னு குந்தினேன், அதுக்குள்ள மூணு மனு வந்துடுச்சு. இன்னா பேஜாரான உத்தியோகம்பா இது, என் தறியே தேவலாம்!”

முதலாளி பயந்தது

அடுத்த வாரம் இன்னொரு கட்சி. பேராசிரியர்களை நம்பிப் பிரயோஜனமில்லை, வியாபாரம் தெரிந்தவரைத் துணைவேந்தராக்கினால்தான் ஊருக்கு நாலு தொழில் வரும் என்று முழங்கிய பேச்சாளர், முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடை முதலாளியை நோக்கிக் கை நீட்டினார். “இதோ, இவரைப் போல ஒருவர்!” கூட்டம் விசிலடித்தது. முதலாளிக்கு வேர்த்துவிட்டது. எழுந்து கும்பிட்டார்.

“ஆடித் தள்ளுபடி முடியறவரைக்கும் என்னை வுட்டுடுங்க, கடையில ஆள் இல்ல!”

ஒருவழியாக வந்தார்

கடைசியில் ஒரு பேராசிரியரையே துணைவேந்தராகப் போட்டார்கள். தங்களால்தான் இது நடந்தது என்று இரண்டு கட்சியும் சேர்ந்தே பாராட்டு விழா வைத்தன. மேடையில் இருபது நாற்காலி போட்டேன். அவர் வருவதற்குள் போராடியவர்கள் இருபதையும் பிடித்துவிட்டார்கள். சிவப்பு மெத்தையில் நகரச் செயலாளர். எழுந்தால் இடம் போய்விடும் என்று ஒருவரும் அசையவில்லை. தோளில் நாலு சால்வையோடு துணைவேந்தர் என் ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து நின்றார்.

கவிதா என்னை எழுப்பிவிட்டு, என் ஸ்டூலை அவருக்குப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும், சான்றிதழில் எப்போது கையெழுத்து ஆகும் என்று கேட்டேவிட்டாள். அவர் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“திங்கட்கிழமை ஆபீசுக்கு வாம்மா, முதல் கையெழுத்து உன்னுதுதான். அதுவரைக்கும் இதை யாரும் எடுத்துகினு போகாம பாத்துக்கோ!”

கவிதா இப்போது வேலைக்குப் போகிறாள், ஆக இத்தனை கூட்டம் போட்டுப் பல்கலைக்கழகத் தலைமைக்கு ஆரணி செய்த ஒரே உதவி என் ஸ்டூல்தான்.