பதினோரு பச்சைப் புள்ளிகள்

அந்த ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் பதினோரு கிளைகளிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: வயர்பிடுங்கி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கம்ப்யூட்டர், பிரிண்டர், ரத்த மாதிரி வைக்கும் ஃப்ரிட்ஜின் வெப்பமானி என்று, வயர் போகிற எல்லாமே அவள் ஒருத்தியின் தலையில். எந்த சாஃப்ட்வேரைக் காட்டினாலும், அதில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்க மாட்டாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் வயரைப் பிடுங்குவாள். பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, இப்போது அது என்ன சொல்கிறது என்று பார்ப்பாள்.

பதினோரு கிளைகளையும் ஓரிடத்திலிருந்து கவனிக்க, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களில் நான்கைப் பொறுக்கினாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவள் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். ஸ்டோர் ரூமில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, கழித்துப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ஒரு வருஷம். ஒன்று, எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்தைக் கேட்டே செய்தது. இன்டர்நெட் லைன் போனால் கிளையில் அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. இன்னொன்றை எழுதியவர்கள் இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல நாதியில்லை. மூன்றாவது நல்லதுதான், ஆனால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் அதற்கு மூச்சு வாங்கியது.

நான்காவது தேறியது. அதிலும் ஒரு வம்பு இருந்தது. லைன் அறுந்தால், கடைசியாக வந்த வெப்ப அளவையே காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிரித்துப் பார்க்க முடிந்ததால் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து மாற்றினாள். ஒரு கிளை பத்து நிமிஷம் பேசவில்லை என்றால் அது கெட்ட செய்தி. உடனே அவள் போனும் அந்தக் கிளை டெக்னீஷியனின் போனும் அடிக்க வேண்டும். இரண்டு வருஷம் அப்படித்தான் அடித்தது. ஒரு ரத்த மாதிரிகூடக் கெடவில்லை. எதுவும் கெடாததால் யாருக்கும் அவள் செய்தது தெரியவும் இல்லை.

அப்போதுதான் முதலாளியின் மனைவியின் தம்பி ஆலோசகராக வந்து சேர்ந்தான். ஆபீஸ் முழுக்க அவன் மச்சான் சார். மீட்டிங் அறையின் பெரிய டிவியில், வாங்கிவந்த புது சாஃப்ட்வேரை ஓடவிட்டான். வரைபடம் ஒன்று விரிந்தது. அதில் பதினோரு பச்சைப் புள்ளிகள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். வெளுத்ததெல்லாம் பால் என்பவருக்குப் பச்சையாக இருப்பதெல்லாம் நலம்தானே!

"சார், ஒரு தடவை வயரைப் புடுங்கிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"ஆரம்பிச்சிட்டாங்கப்பா!" என்று மச்சான் சார் சிரித்தான். அறையே சிரித்தது.

"லைன் போனா எத்தனை நிமிஷத்துல சொல்லும்? அதையாவது சொல்லுங்க."

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க உள்ளயே வச்சிருப்பாங்க மேடம். நாம திறந்து பாக்க முடியாது, பாக்கவும் தேவையில்ல."

"சும்மா கிடைச்சதை வச்சு எத்தனை நாள்மா ஓட்டறது?" என்றார் முதலாளி. "வெள்ளிக்கிழமைக்குள்ள உன்னோடத நிறுத்திடு."

வயரைப் பிடுங்கிப் பார்க்காமல் பழையதை நிறுத்த வேண்டாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றுக்கும் பதில் இல்லை. வீட்டில், பள்ளி வேன் ஓட்டும் கணவன் சொன்னான்: "உனக்கென்ன வந்துச்சு? சொன்னதைச் செஞ்சிட்டுப் போ." அவள் செய்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தன் கையாலேயே நிறுத்தினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் ஆறாம் கிளையின் லைன் அறுந்தது. சாயங்காலம் அங்கே ஃப்ரிட்ஜ் நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கிளைக்கு எதிர்வீட்டிலேயே குடியிருக்கும் டெக்னீஷியன் பெண்ணின் போன் அடிக்கவே இல்லை. வரைபடத்தில் ஆறாவது புள்ளி பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் போனில் அழுதாள். "அக்கா, நாப்பத்திமூணு மாதிரி போச்சு. அதுல எட்டு மாசக் குழந்தையோடது ஒண்ணு. நரம்பே கிடைக்காம நாலு இடத்துல குத்தி எடுத்ததுக்கா. அவங்க அம்மாவத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன். எப்படிக்கா மூஞ்சில முழிப்பேன்?"

பத்து மணிக்கு மீட்டிங்.

"லைன் கோளாறுதான். லைனைப் பாத்துக்கறது மேடம் பொறுப்பு" என்றான் மச்சான் சார். ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாம்!

அவள் எழுந்து போய், டிவிக்குப் பின்னால் கையை விட்டு, நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். வயரை மேசைமேல் போட்டாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். யாரோ இருமினார்கள். பதினோரு புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன.

"இப்ப எந்தக் கிளை உயிரோட இருக்கு? சொல்லுங்க" என்றாள்.

மச்சான் சார் ரிமோட்டை எடுத்து இரண்டு பட்டன் அழுத்திப் பார்த்தான். புள்ளிகள் அசையவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களின் நகலும் கையில்தான் இருந்தது. அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போல இருந்தது. அதற்குள் போன் அடித்தது. ஆறாம் கிளை. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"அக்கா, குழந்தை வந்தாச்சு. நரம்பு கிடைக்க மாட்டேங்குது. ரெண்டாவது இடத்துல குத்தறேன். லைன்லயே இருங்கக்கா."

"இருக்கேன்மா. மெதுவா பண்ணு."

குழந்தை வீறிட்டது. அறையில் ஒருவரும் நிமிரவில்லை. மூச்சடைத்துப்போய் ஒரு கணம் நின்று, மறுபடி வீறிட்டது. மச்சான் சார் போனை அணைக்கக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எடுங்க கையை. இன்னும் ரெண்டு இடம் பாக்கி இருக்கு. உக்காந்து கேளுங்க."