கிளி கலைக்கும் அஞ்சல்

என் கதைகளைப் புத்தகமாகப் போடுவதா இல்லையா என்று கொழும்புப் பதிப்பகம் மின்னஞ்சலில் சொல்வதாக இருந்தது. அஞ்சல் வந்த அன்றே சம்மதம் எழுத வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு. எனக்கிருந்ததோ பொத்தான் போனும் ஒரு பழைய கணினியும். மண்டூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் வட்டை, ஊரின் வயல்வெளி. அதில் எங்கள் துண்டு வயல். கதிர் முற்றும் காலம், நான் கிளி கலைக்க வேண்டும். கலைத்த கையோடு ஓடிவந்து அஞ்சல் பார்ப்பேன். தரையெல்லாம் என் சேற்றுக்கால் தடம். "இனிச் சேத்துக் காலோட உள்ளுக்க வந்தா, கம்பியூட்டரத் தூக்கி வயலுக்குள்ள வைப்பன்" என்றாள் மனைவி. செய்யக்கூடியவள்.

ஆகவே கணினியின் அஞ்சல் செயலியில் அமைப்புகளைத் தோண்டினேன். 'தானாகப் புதிய அஞ்சல் பார்க்கவும்' என்ற இடத்தில் முப்பது நிமிடம் என்றிருந்ததை ஒரு நிமிடமாக்கினேன். அஞ்சல் வந்தால் எழும் சத்தத்தையும் மாற்றலாம் என்று கண்டதும் எனக்குப் புத்தி கெட்டது. வருசப் பிறப்புக்குப் பதிந்து வைத்த சீனவெடிச் சத்தத்தைப் போட்டு, ஸ்பீக்கரை யன்னலில் வயல் பார்க்க வைத்தேன்.

முதலில் வந்தது சப்பாத்து விளம்பரம். வெடித்த வெடியில் வட்டைக் கிளியெல்லாம் ஒரே மூச்சில் எழும்பியது. வரப்பில் நானும் விழுந்தேன். பக்கத்து வயல்கார மாமா மகிழ்ந்து போனார்.

"மனே, இது நல்லாரிக்கு. அடிக்கடி வெடிக்க விடு."

"கடிதம் வந்தாத்தான் மாமா வெடிக்கும்."

"அப்ப கடிதத்த வரப் பண்ணு."

கட்டாரில் களஞ்சியமொன்றில் வேலை செய்யும் மச்சான், மனைவியின் தம்பி, இந்தப் பொறுப்பை ஏற்றான். பொழுதெல்லாம் வெற்று அஞ்சல் அனுப்பினான். ஒன்றில் மட்டும் 'ஹூ' என்று எழுதியிருந்தான், கிளிக்கு. அவன் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துப்போய், அஞ்சல் பெட்டியைத் திறப்பதையே விட்டேன். வெடி கேட்டால் கிளி போனதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மச்சானுக்கு லீவு. வெடியில்லை. கிளிகள் குடும்பத்தோடு வந்திறங்கின. பின்னேரம் ஒரேயொரு வெடி. மச்சான் எழும்பிவிட்டான் என்று வயல் முழுக்கச் சந்தோசம். நான்தான் எல்லாரிலும் பெரிதாகக் கை தட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அவன் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டான்.

"நேத்து ஒண்டும் அனுப்பல்ல மச்சான். நல்ல நித்திர."

சேற்றுக்காலோடு உள்ளே பாய்ந்தேன். அன்று காலை வந்த வெற்று அஞ்சல்களுக்கு அடியில், பதிப்பகம் படுத்திருந்தது. புத்தகம் போடுகிறார்களாம், வெள்ளி இரவுக்குள் சம்மதம் வேண்டுமாம். உடனே சம்மதத்தை எழுதினேன், கிளிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காமல். பிந்தியதற்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

பதிப்பகத்தின் பதில் வரும்வரை வெற்று அஞ்சல் அனுப்ப வேண்டாமென்று மச்சானிடம் சொன்னேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

"உன்ட புத்தகத்த எத்தின பேர் மனே வாசிப்பாங்க? இந்த நெல்ல ஊரே திங்கும்."

அந்தப் பதில் வரும்வரை இரண்டு வயலிலும் நானே கிளி கலைப்பதென்று முடிவானது. தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினேன். கிளிகள் என்னை அவ்வளவாக மதிக்கவில்லை. ஒரு வெடி கேட்டு விழுந்தடித்து ஓடினால் மறுபடி சப்பாத்து, இம்முறை பாதி விலைக்கு. ஞாயிறு பின்னேரம் அடுத்த வெடி. மனைவியே வாசிக்க, நான் வாசலில் கால் கழுவினபடி கேட்டேன்.

'சம்மதம் பிந்திவிட்டது. உங்கள் இடத்தைத் தருவதாக நேற்றே இன்னொருவருக்கு எழுதிவிட்டோம். அவரும் இன்று மத்தியானத்துக்குள் பதில் போடவில்லை. ஆகவே உங்கள் புத்தகமே அச்சுக்குப் போகிறது.'

பாவம், அந்த மனிசன் எங்கே, எதைக் கலைத்துக்கொண்டு நிற்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு, அச்சடித்து முடியும்வரை அவர் தன் பெட்டியைத் திறக்கவே கூடாதென்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.