ஒரு வேலைக்கு இரண்டு மாணவிகள்

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "டிசம்பரில ரெண்டு கிழமை நான் வரமாட்டன், அன்ரி. எக்ஸாம் இருக்கு. முதலே சொல்லிப்போடுறன்." பெயரைச் சொல்லவில்லை. என்ன படிக்கிறாள் என்று சொல்லவில்லை. செப்டம்பர் வெயிலில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வந்த வியர்வைகூட இன்னும் காயவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா, வேலைல சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் லீவு கேக்குற மொத ஆளு நீதான்" என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "பிறகு சொன்னா உங்களுக்குத்தானே கரைச்சல்" என்றாள். அலுவலகம் முழுக்க என்னை மேடம் என்று கூப்பிடும். இவள் என் தமிழைக் கேட்ட மறு நிமிடமே அன்ரி ஆக்கிவிட்டாள்.

நான் திருச்சிக்காரி. கணவரின் வேலையோடு துபாய்க்கு வந்தவள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் குஸைஸில் ஒரு சிறப்புக் குழந்தைகள் மையத்தில் சேர்ந்து, அதன் அலுவலகப் பொறுப்புக்கு வந்திருந்தேன். நன்கொடையில் நடக்கும் இடம் அது. அந்த மாதிரி இடங்களில் ஒரு விசித்திரம் உண்டு. ஊஞ்சல் வாங்கித்தர ஆள் வருவார்கள், வண்டி வாங்கித்தர வருவார்கள், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவும் வருவார்கள். அந்த ஊஞ்சலைத் தள்ள ஒருவருக்குச் சம்பளம் கேட்டால் மட்டும் போனை எடுக்க மாட்டார்கள். ஆள் பற்றாக்குறை எங்களுக்குத் தீராத வியாதியாக இருந்தது.

அப்போதுதான் ஒரு கல்லூரி தானாகவே முன்வந்தது. படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவர்களை அனுப்புவார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியைக் கல்லூரி தரும், மீதியை நாங்கள் போட வேண்டும். கல்லூரியின் அனுமதி, தகப்பனாரின் சம்மதம், அரசாங்கத்தின் பகுதிநேர அனுமதி எல்லாம் கிடைத்தபின் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான், தேர்வு வாரங்களில் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பது நிபந்தனை. கையெழுத்துப் போடும்போது எல்லா நிறுவனமும் இதற்குத் தலையாட்டும். தேர்வு வரும்போதுதான் விழிக்கும். இதற்குமுன் வந்த ஒரு மாணவன் தேர்வுக்காகத் திடீரென்று நின்றபோது நாங்களும் அப்படித்தான் விழித்தோம்.

இவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க். இவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தோழிகளோடு போனில் பேசினால் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாள்; என்னோடு பேசும்போது மட்டும் அம்மாவிடம் பேசுகிற தமிழ். கல்லூரியில் மின்பொறியியல், அதுவும் உதவித்தொகையில். மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை நின்றுவிடும், அதோடு படிப்பும் நின்றுவிடும். டிசம்பரை அவள் முதலிலேயே சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் போய்விட்டது. சேர்த்துக்கொண்டேன்.

நாங்கள் அவளுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் வேலை. பேருந்தில் குழந்தைகளை இறக்கிவிடும் பெண்மணி ஊருக்கு லீவில் போன வாரம், "போய்க் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று அவளை வாசலுக்கு அனுப்பினேன். அன்று பேருந்தில் ஒரு சிறுவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரரின் மகன், ஏழு வயது. பேச்சு மிகக் குறைவு. யாராவது தொட்டால் உடம்பே விறைத்துவிடும். காலையில் வீட்டில் ஏறிக்கொள்வான். இங்கே வந்தால் இறங்கமாட்டான். வந்த வழியே திரும்பிப் போவான். அப்படியே ஒரு வாரம் ஓடியிருந்தது.

அவனுக்குக் கிடைத்திருந்தது தற்காலிக இடம். எங்கள் இயக்குநர் ஜோர்தான் நாட்டு அம்மையார். நல்ல மனுஷி, ஆனால் பேச்சு மாறாதவர். ஜனவரிக்குள் பையன் ஒழுங்காக வகுப்புக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்கு இடம் போகும் என்று சொல்லிவிட்டார். காத்திருந்த தாய்மார்களின் குரல்களைத் தினமும் போனில் கேட்டவள் நான். அவர் சொன்னதில் அநியாயம் ஏதும் இல்லை. ஆனால் இந்தப் பையனின் உம்மா குரலையும் நான் தினமும் கேட்டேன். தனியார் மையங்களின் கட்டணம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே இடம் போனால் அவன் நாலு சுவருக்குள்தான். பேருந்து வந்து நிற்கும் நேரம் பார்த்து அழைப்பார்: "எறங்கிட்டானாக்கா?" நான் இல்லை என்பேன். "சரிக்கா" என்று வைத்துவிடுவார். அந்தச் சரிக்கா என்னைப் பாடாய்ப்படுத்தும்.

அன்று அவள் பேருந்தில் ஏறினாள். அவனைக் கூப்பிடவில்லை. எதிர் இருக்கையில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நீலப் பட்டையைக் கழற்றி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஓட்டுநர் ஒரு பட்டாணியர், பொறுமைசாலி. இஞ்சினை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பையனின் கண் பட்டை மேல் விழுந்தது. அதன் ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டான். "வா, இறங்குவம்" என்று எழுந்தாள். பட்டையின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவன் பிடிக்க, இரண்டு பேரும் முற்றத்தைக் கடந்து வகுப்புக்குப் போனார்கள். ஜன்னலில் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அன்று உம்மாவின் போனுக்குக் காத்திராமல் நானே அழைத்தேன்.

அதன்பின் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, கெட்டிக்காரப் பிள்ளை கிடைத்துவிட்டால் எல்லா நிறுவனமும் செய்யும் காரியத்தைச் செய்தோம். அவள் தலைமேல் எல்லாவற்றையும் ஏற்றினோம். வேறு யார் பட்டையை நீட்டினாலும் பையன் இறங்கவில்லை. நானும் என் அட்டையைக் கழற்றி நீட்டிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆகவே அவள் வேலைக்கு வரும் நாட்களுக்கே அவனுடைய வகுப்பு நாட்களை மாற்றினோம். ஆசிரியைகள் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். இயக்குநர் தன் கையாலேயே பேரீச்சம்பழம் எடுத்துக்கொடுத்தார். நானும் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் அவள்தான். அக்டோபரில் ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "எல்லாரும் என்னைப் புகழுறீங்கள், அன்ரி. எனக்குப் பயமாக் கிடக்கு. டிசம்பரில என்ன செய்யப்போறீங்கள்?" என்றாள். இயக்குநரிடம் கூட்டிப்போனேன். தேர்வு நாட்களிலும் பேருந்து வரும் நேரத்துக்கு மட்டும் வந்துபோக முடியாதா, ஒரு மணி நேரம்தானே என்று இயக்குநர் கேட்டார். நிபந்தனை அப்படி இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் அதையே எனக்குத் தமிழில் சொன்னாள்: "நீங்கள் வரச்சொன்னா நான் வந்திடுவன் அன்ரி. பிறகு மார்ச்சிலயும் எக்ஸாம் வரும். அதுக்குப் பிறகு நான் படிச்சு முடிச்சுப் போயிடுவன். அவன் அப்பவும் பஸ்ஸுக்குள்ளதான் இருப்பான்."

அவள் கேட்டது இன்னொரு மாணவியை. இப்போதே, தான் இருக்கும்போதே, தன்னோடு சேர்ந்து நிற்க. ஒரு வேலைக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க எங்களிடம் வழி இல்லை என்று இயக்குநர் கையை விரித்தார். "என்ர நேரத்தில பாதியை அவளுக்குக் குடுங்கோ" என்றாள் இவள் என்னிடம். அந்தப் பணத்தில்தான் அவளுடைய புத்தகமும் பேருந்துச் செலவும் நடந்தன. எனக்கு அது தெரியும். "வீட்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். "அப்பாட்டச் சொல்லிப்போட்டன். அவர் யோசிச்சுப்போட்டு ஓம் எண்டவர்." தகப்பனும் மகளும் எனக்கு முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள். பத்தொன்பது வயதில் எனக்கு இந்தத் தெளிவு இருந்ததா என்று யோசித்தேன். இல்லவே இல்லை, எனக்கு அப்போது தாவணிக்கு ஏற்ற வளையல்தான் பெரிய கவலை.

வந்து சேர்ந்த இரண்டாவது மாணவி பாகிஸ்தான் குடும்பத்துப் பெண், இவளுடைய கல்லூரிதான். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். "நான் தமிழில சொன்னா அவன் தமிழுக்குத்தான் இறங்குவான். இனி யல்லா எண்டு சொல்லுவம். அது எல்லாருக்கும் வரும்" என்றாள். அன்றிலிருந்து வா, இறங்குவம் போய், வா போகலாம் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் அரபிச் சொல்லான யல்லா வந்தது. முதலில் பாகிஸ்தான் பெண் வெறுமனே கூட நடந்தாள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பட்டை நீட்டினார்கள். பையன் இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் ராஜா மாதிரி நடந்தான். பிறகு இவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கத் தொடங்கினாள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. நவம்பரில் ஒருநாள் இவள் முதல்முறையாகப் பட்டை நீட்டாமல் வாசலிலேயே நின்றாள். பையன் புதியவளின் பட்டையைத் தூக்கியெறிந்துவிட்டு முற்றத்தில் படுத்து அலறினான். நான் ஜன்னலிலிருந்து, "போய்க் கூட்டிக்கிட்டு வாயேன்" என்று சத்தம் போட்டேன். இவள் என் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். பாகிஸ்தான் பெண் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பட்டையைப் பொறுக்கி, மெதுவாக யல்லா சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழுத கண்ணோடு அவளுடைய பட்டையைப் பிடித்து எழுந்தான்.

தேர்வு தொடங்கிய நாள் நான் வேலை ஓடாமல் வாசலில் நின்றேன். இயக்குநரும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். பேருந்து வந்தது. மற்ற குழந்தைகள் இறங்கினார்கள். பாகிஸ்தான் பெண் படியில் ஏறிப் பட்டையை நீட்டினாள். பையன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், இயக்குநரைப் பார்த்தான், மறுபடி வாசலைப் பார்த்தான். "டைம் ஹே, மேடம், கோயி பாத் நஹி" என்றார் ஓட்டுநர், என் பதற்றத்தைப் பார்த்து; நேரமிருக்கிறது, பரவாயில்லை என்று. என் கையில் போன் அடித்தது, உம்மாதான். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பையனையே பார்த்தேன். "யல்லா" என்றாள் அந்தப் பெண். பையன் பட்டையைப் பிடித்தான். ஒரு படி, இன்னொரு படி, தரை. "எறங்கிட்டான்மா" என்றேன். அந்தப் பக்கம் சரிக்கா வரவில்லை. அழும் சத்தம்தான் வந்தது. தேர்வு அறையில் இருந்தவளுக்கு நான் ஒரு வரி அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: "சோதினை நல்லாச் செய்தனான். அவன் சாப்பிட்டவனோ?"

ஜனவரியில் அவனுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. இப்போது நெடுநெடுவென்று வளர்ந்து, பேருந்திலிருந்து தானாகவே குதித்து இறங்குகிறான். யாருடைய பட்டையும் வேண்டியதில்லை. அவள் அபுதாபியில் மின்பொறியாளராக இருக்கிறாள், உதவித்தொகையைக் கடைசிவரை விடவில்லை. எங்கள் மையத்தில் இன்றைக்கும் மாணவர்களைத் தனியாக ஒருவராகச் சேர்ப்பதில்லை. ஒரு வேலைக்கு இருவர், இருவரும் சேர்ந்து நிற்கச் சில வாரங்கள், ஒருவர் தேர்வு எழுதும்போது மற்றவர் இருக்கும்படி வெவ்வேறு கால அட்டவணை. மஸ்கட்டில், ரூவியில் இதேபோல ஒரு மையம் நடத்தும் தோழி மாணவர்களைச் சேர்ப்பது எப்படி என்று கேட்டபோது, நேர்காணலில் அவர்களுடைய தேர்வுத் தேதியை முதலில் கேள் என்றேன். இது யாருடைய யோசனை என்று அவள் கேட்டாள். எங்கள் பிள்ளையுடையது என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு வருகிற பெருமை, சொந்த மகனின் பட்டமளிப்பு விழாவில்கூட வந்ததா என்பது சந்தேகம். அவன் இதைப் படிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தேர்வு முடிந்து அவள் திரும்பி வந்த காலை. குளிர்காலத்து இளவெயில். அவள் முற்றத்தில் சுவரோரமாக நின்றாள், பட்டை கழுத்திலேயே இருந்தது. பேருந்து வந்தது. பையன் பாகிஸ்தான் பெண்ணின் பட்டையைப் பிடித்து இறங்கினான். இரண்டு வாரமாகக் காணாதவள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். அவளைத் தாண்டி நடந்தான், ஒருதரமும் திரும்பவில்லை. வகுப்புக் கதவு திறந்தது, மூடியது. அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று இறங்கிப் போனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தனீங்களோ, அன்ரி? அவன் என்னைத் தேடவேயில்லை."