உப்பளத்தில் ஒரு ஆள் கூடுதல்

சினிமாத் தொழிலில் இல்லாததை இருப்பதாகக் காட்ட நூறு பேர் உண்டு; எதிரில் இருப்பதைப் பார்க்கத்தான் ஆள் கிடையாது. எழுபதுகளில் என்னோடு கோடம்பாக்கத்தில் அல்லாடிய சக தயாரிப்பாளர்களே, வேறு யார் நம்பாவிட்டாலும் நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காஷ்மீர், திண்டிவனம் வழி

கதாநாயகி பனியில் ஆடிப் பாட வேண்டும் என்றார் டைரக்டர். என் வசதிக்கு ஊட்டியே அதிகம். "கறுப்பு வெள்ளைப் படம்தானே முதலாளி, உப்பும் பனியும் ஒண்ணுதான்" என்று காமிராமேன் தாமு யோசனை சொன்னார். மரக்காணத்துக்குப் புறப்பட்டோம்.

பங்குனி வெயில். உப்பிலிருந்து கிளம்பும் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. சமையல்காரர் வரைக்கும் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. மிதித்த உப்பு உடனே அழுக்காகிவிடும், பனியில் செருப்புத் தடம் தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் ஒருநாள் ஆடிய பாத்தியை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் அடுத்த பாத்திக்கு நகர்ந்தோம்.

ஒலிபெருக்கியில் பாட்டின் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டிய அந்தப் பெண்ணிடம் "நடுங்கும்மா, இன்னும் நடுங்கு" என்று டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். உப்புக் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணுக்கு ஜொரம் போலிருக்குது. வெயில்ல ஏங்க ஆட வுடுறீங்க?"

ரஷ் பிரிண்டில் வந்தவள்

சென்னைக்கு வந்து, வெட்டி ஒட்டுவதற்கு முன்னால், எடுத்த வரிசைப்படியே ரஷ் போட்டுப் பார்த்தோம். முதல் நாள் ஷாட்டில், உப்புக் குவியல்களுக்கு அப்பால், புள்ளி மாதிரி ஏதோ இருந்தது. பிலிமில் தூசு என்றார் எடிட்டர் சாமிநாதன். அடுத்த நாள் ஷாட்டில் தூசு கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் அதற்குத் தலை இருந்தது.

அதற்குமேல் யாரும் கதாநாயகியைப் பார்க்கவில்லை. வெளுத்த சேலை கட்டிய ஒரு பெண். ஆடவில்லை, அசையவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கிட்டத்தில் நின்றாள். கடைசி நாள் ஷாட்டில் கையை நெற்றிக்குக் கொடுத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். லொகேஷனில் அப்படி ஒருத்தியை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. தூரத்தில் ஏதோ துணி சுற்றிய கம்பம் என்று நினைத்ததாகத் தாமு சொன்னார். மேக்கப்மேன் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்.

சாமிநாதன் விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "முதலாளி, இந்த ரீலை நான் தனியா உக்காந்து வெட்ட மாட்டேன்."

மறுபடியும் அந்த இடம்

தெரிந்துகொள்ளாமல் தூங்க முடியாது என்று தாமுவைக் கூட்டிக்கொண்டு மரக்காணம் போனேன். உச்சி வெயிலில் உப்பளத்தில் ஆளே இல்லை. எங்கள் குரலைத் தவிர வேறு சத்தமும் இல்லை. முதல்நாள் காமிரா வைத்த இடத்தில் தாமு நின்றார். தூரத்தில், ரஷ்ஷில் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் ஓலைக் கொட்டகை, அதன் வாசலில் அதே புள்ளி. பாத்தி பாத்தியாக வரப்பில் நடந்தோம். புள்ளி வளர்ந்தது, தலை வந்தது, சேலை வந்தது. எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கொட்டகைத் தூணிலிருந்து ஒரு கயிறு அவள் கணுக்காலுக்குப் போயிற்று. கயிறு எட்டும் தூரம் வரைக்கும் நடந்து நடந்து மண்ணில் அரைவட்டமாகத் தடம் விழுந்திருந்தது. தாமு கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா நகரவே இல்ல முதலாளி. நாமதான் தெனமும் ஒரு பாத்தி கிட்டக் கிட்டப் போயிருக்கோம்."

முருகேசன்

அவள் பெயர் அஞ்சலை. புருஷன் முருகேசன் அதே உப்பளத்தில் கூலி. திட்டுவதற்குத் தயாராகத்தான் நின்றேன். வந்தவன் முதலில் கயிற்றுக்கடியில் சுற்றியிருந்த துணி விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துச் சரிசெய்தான். ஏன் கட்டி வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"கடல்ல முழுகிப் போன எங்க பொண்ணு அம்மா அம்மான்னு இவளைக் கூப்புடுதாம் சார். அவுத்து வுட்டா நேரா தண்ணிக்குள்ள போறா. மந்திரிச்சாச்சு, கோயில் கோயிலா போயாச்சு. கட்டி வெச்சாத்தான் உசுரோட இருக்கா" என்றான். சென்னையில் எனக்குத் தெரிந்த மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அவன் என்னிடம் கேட்டான்: "அழைச்சிட்டுப் போனா, திரும்பக் கொண்டாந்து வுடுவீங்களா சார்?"

டாக்டர் எழுதிக்கொண்டார்

சென்னைக்குக் கூட்டி வந்த அஞ்சலையிடம், என்னென்ன தெரிகிறது, என்னென்ன கேட்கிறது என்று டாக்டர் விசாரித்தார். மகள் கூப்பிடுவதைச் சொன்னாள். பிறகு, "வெள்ளையா இருக்கிற தரை மேல ஒருத்தி ஆடுறா. வேர்த்து ஊத்துது, ஆனா குளிருற மாதிரி நடுங்குறா. பாடுறது வேற யாரோ. ஒரே வரிதான். ஒரு ஆளு கத்தினா எல்லாம் அப்படியே நின்னு போவும். அப்புறம் மறுபடி மொதல்லேருந்து. பேய்ங்கதான், வேறென்ன?" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருந்தார். மகள் குரலை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் எங்கள் ஷூட்டிங் என்று நான் குறுக்கே சொன்னேன். பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ இந்தக் கேஸ்ல பாதி வியாதி உங்களுது."

விநியோகஸ்தர்

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து விநியோகஸ்தர் ஓடி வந்தார். படத்தில் அந்தப் பெண்ணை வெட்டாமல் அப்படியே விட்டு, பேய்ப் படம் என்று போஸ்டர் அடிக்கச் சொன்னார். அவளைக் காட்டிக் காசு பார்ப்பதா என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவள் தெரிந்த ஷாட்டையெல்லாம் வெட்டச் சொன்னேன். பாட்டு சிதைந்துபோய், படமும் படுத்துவிட்டது. அந்த மனிதர் அத்தோடு விடவில்லை: "கூப்புடாம வந்த பேயை எந்த முதலாளியாவது வேணாம்பாரா?"

கம்பெனி வண்டி

அஞ்சலை கயிறில்லாமல் ஊர் திரும்பினாள். முருகேசன் கேட்டபடி நானே கொண்டுபோய் விட்டேன். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் மகள் மறுபடி கூப்பிடுவாள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் மாதாமாதம் எங்கள் அவுட்டோர் ஷூட்டிங் வண்டியில் டாக்டரை ஏற்றி அனுப்பினேன். போகிற வழியில் மற்ற நோயாளிகளையும் பார்க்கப் பெருமுக்கல்லிலும் பிரம்மதேசத்திலும் வண்டி நிற்கும். மேலே சினிமாக் கம்பெனி பெயரைப் பார்த்து ஊரே திரளும். இறங்குகிறவர் வழுக்கைத் தலை டாக்டர் என்றதும் பாதிக் கூட்டம் திட்டிக்கொண்டே கலையும்.

இது கேலிக்கூத்தாக இருக்கிறதே, பெயரை அழித்துவிடலாம் என்று, நானும் கூடப் போயிருந்த ஒருநாள் பிரம்மதேசத்திலேயே ஒரு பெயின்டரைக் கூப்பிட்டேன். அன்று, வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த மகனைக் கையில் பிடித்தபடி ஒரு தாய் முன்னால் வந்தாள். "அழிக்காதீங்க சார். ஷூட்டிங் பாக்கப் போறோம்னு சொல்லிட்டுத்தான் இவனை இட்டாந்தேன். பைத்தியக்கார வண்டின்னா எங்க வூட்ல அனுப்ப மாட்டாங்க."

டூரிங் டாக்கீஸ்

படுத்த படம் ஊர் ஊராகச் சுற்றி மரக்காணம் கொட்டகைக்கும் வந்தது. அன்று வண்டியோடு நானும் போயிருந்தேன். முருகேசனும் அஞ்சலையும் முதல் ஆட்டத்துக்கு வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பனிப்பாட்டு வந்ததும் ஊரே தங்கள் உப்பைப் பார்த்து விசிலடித்தது. அஞ்சலை மட்டும் முழங்காலில் எழுந்து நின்று, திரையின் ஓரங்களையே துழாவிக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று புரிந்தபோது எனக்கு அந்த ரஷ் பிரிண்ட் நாளைவிட அதிகப் பயமாக இருந்தது.

இடைவேளையில் என்னிடம் வந்தாள். குரலில் கோபமில்லை, சந்தேகம்தான். "எல்லாரும் இருக்காங்க சார். கொடை புடிச்ச ஆளு நெழல்கூட தெரியுது. தெனமும் நானும் அங்கதானே நின்னேன்? என்னை மட்டும் ஏன் காணோம்?"

சான்ஸ் கேட்டு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் ஏதாவது பதில் சொல்லி அனுப்பியே காலம் தள்ளிய தயாரிப்பாளன் நான், என் படத்தில் ஏற்கெனவே நடித்துவிட்டுத் தன்னைக் காணோமென்று வந்தவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை கிடைக்காமல் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.